கரடிக்குப் புதுக் கவர்

தாய்மாமன் பாசத்துக்கு அன்றைய விலை ஆயிரத்து இருநூறு. கறாராகப் பேசினால் தொள்ளாயிரத்துக்கு இறங்கும்.

அந்தப் பாசம் ஒரு கரடிப் பொம்மையின் உருவத்தில், பொம்மைக் கடையின் பின்கட்டில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம், தேன் நிறம், கழுத்தில் சிவப்பு நாடா. இரண்டு மழைக்காலம் முகப்பு அலமாரியில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தது. ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் வைக்க இடமில்லை என்று திரும்பக் கொண்டுவந்து போட்டார். அதன்பின் பின்கட்டு வாசம்தான். அந்தச் சுவரோ மழை பெய்தால் உள்ளே அழும். பெய்யாவிட்டாலும் விசும்பிக்கொண்டே இருக்கும்.

கடைக்காரருக்குச் சந்தையில் 'முக்கால்' என்று பெயர். எதிராளி என்ன விலை சொன்னாலும் அதில் முக்காலில் போய் உட்கார்ந்துகொள்வார். பிறகு கிரேன் வைத்துத் தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டார். தலையில் வழுக்கை விழுந்ததும் முடிதிருத்துகிறவரிடம் "வெட்ட வேண்டிய இடம் குறைஞ்சிருச்சே" என்று தள்ளுபடி கேட்டவர். கேட்டதோடு விடவில்லை, வாங்கியும் விட்டார்.

அப்பேர்ப்பட்ட முக்காலை முழுசாக ஆட்டிவைக்கிற ஆள் உலகத்தில் ஒன்றே ஒன்று. தங்கை மகள். வயது ஏழு. பள்ளி விடுமுறை என்றால் மாமன் கடைக் கல்லாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கடைக்காரரே, வியாபாரம் எப்படி?" என்று மாமனையே அதட்டுவாள். அவரும் கைகட்டி நின்று, "சுமார்தான் முதலாளி" என்பார். கடைத்தெரு முழுக்க அவளுக்கு முதலாளி என்றே பெயராகிவிட்டது.

அந்த முதலாளி இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரத்தத்தில் கோளாறு. கொடுக்கிற மருந்து நோயை விரட்டுகிற வேகத்தில் உடம்பின் காவல்காரர்களையும் சேர்த்து விரட்டிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "நமக்கு ஒண்ணுமே செய்யாத தூசி இவளை என்ன வேணா செய்யும். பூ வேணாம், துணிப் பொம்மை வேணாம், பழைய சாமான் எதுவும் வேணாம். புதுசா, கழுவித் துடைக்கிற மாதிரி இருந்தா மட்டும் உள்ள விடுவோம்." சொன்னபோது குடும்பமே தலையாட்டியது. பயந்தவர்கள் தலையாட்டுவார்கள், என்ன கேட்டோம் என்பது வாசலைத் தாண்டும்போது பாதி உதிர்ந்துவிடும்.

"ஒரு பிளாஸ்டிக் சாமான் எடுத்துட்டுப் போங்களேன்," என்றாள் முக்காலின் மனைவி. "கலர் பென்சில் கேட்டாளாம்."

"அவ பெரியப்பா நேத்து ரிமோட் ஹெலிகாப்டர் கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. வார்டு பூரா அதே பேச்சாம். நான் தாய்மாமன். பென்சில் டப்பாவோட போய் நிக்கவா? பொம்மைக் கடை வச்சிருக்கவன் மானம் என்னத்துக்கு ஆகும்?"

அவர் கண் பின்கட்டுக்குப் போனது. கடையிலேயே பெரிய சாமான் அதுதான். விற்காத சாமானும் அதுதான். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வாய்ப்பது வியாபாரிக்கு அபூர்வமான சந்தோஷம்.

கரடியைத் தூக்கிவந்து மேசைமேல் குப்புறப் போட்டார். முதுகில் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள். ஈரத்துணியால் துடைத்தார், போயிற்று, அல்லது போன மாதிரி இருந்தது. பிரஷ் போட்டு முடியைக் கிளப்பி, வாசனைப் பவுடர் தட்டி, புதுக் கவருக்குள் இறக்கி, சீல் போடும் மிஷினில் வாயை அழுத்தினார். சுர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கரடி மறுபடி பிறந்துவிட்டது. திரும்பிவந்த சாமான் எல்லாம் அந்தக் கடையில் இப்படித்தான் மறுபிறவி எடுக்கும். 'கவர் புதுசு என்றால் சாமான் புதுசு' என்பது அவர் கடைச் சட்டம். ஊரான் பிள்ளைகளுக்கு அத்தனை காலமாகச் செய்துகொண்டிருந்த கை, சொந்தப் பிள்ளை என்று வந்தபோது தனியாக யோசிக்கவில்லை. கைப்பழக்கம் முறை பார்க்காது.

வார்டு வாசலில் சிஸ்டர் மறித்தார். "இது துணி. உள்ள விடமாட்டோம்."

"துணியா? சிஸ்டர், கவரைப் பாருங்க. சீல்கூடப் பிரிக்கல. பிளாஸ்டிக்குக்குள்ளதானே இருக்கு? வெளியில துடைச்சுக்கலாமே."

"புதுசுதானே?"

"கடைக்காரன்கிட்டயே கேக்கறீங்களே! இப்பதான் பேக் பண்ணினது."

இதில் பொய் என்று எதையும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அதுதான் அவர் தொழில் திறமை.

"பிரிக்கக் கூடாது. அலமாரி மேல வச்சுப் பார்க்கட்டும், அவ்வளவுதான்," என்று சிஸ்டர் இறங்கிவந்தார். உள்ளே விடவே கூடாது என்ற விதி, கவரோடு விடலாம் என்று ஆயிற்று. விதியையும் முக்கால் விலைக்கு வாங்கிவிட்ட பெருமையோடு அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கட்டிலில் முதலாளி பாதியாக இருந்தாள். தலையில் முடி இல்லை. கண் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அதனால் முகம் முழுக்கக் கண்ணாகத் தெரிந்தது. கரடியை முன்னால் நீட்டிப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"கடைக்காரரே, என்ன விலை?"

"ஆயிரத்து இருநூறு முதலாளி."

"அநியாயமா இருக்கே! ஒரு முத்தம் தரேன். குடுத்தா குடு, இல்லாட்டி எடுத்துட்டுப் போ."

"கட்டுப்படி ஆகாது. உங்க முகத்துக்காகத் தரேன்."

அவள் உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்து ஊதினாள். அவர் அதைக் காற்றில் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். கட்டிலருகே நின்ற தங்கை, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் லாபம்.

சில நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, உன் முதலாளி செஞ்ச வேலையப் பாத்தியா? போர்வைக்குள்ள வச்சுக் கவரக் கிழிச்சிருக்கா. கரடியக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் தினமும் தூங்கியிருக்கா. கவரோடதான்னு நினைச்சேன், கிழிச்சது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். புதுசுதானேன்னு நான் திட்டல. புதுசுதானேண்ணா?"

ஒரு வாடிக்கையாளர் எதிரே நின்றிருந்தார். "புதுசுதாம்மா," என்றார் முக்கால். நாக்குக்கும் அது கைப்பழக்கம் மாதிரிதான்.

போனை வைத்தபின் வாடிக்கையாளர் கேட்ட சாமான் எது என்பது மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் முதலாளிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் ஏறியது. ஊசி மாற்றினார்கள், இறங்கவில்லை. இன்னொரு ஊசி, அதற்கும் அசையவில்லை. இருமும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது என்றார்கள். அவளைக் கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறைக்கு மாற்றினார்கள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். சுமையை வழியிலேயே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். "அவளத் தூங்க விடாத, நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரு," என்று மனைவியிடம் போனில் கெஞ்சினார். பயத்தில் அவருக்குத் தூக்கத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டரம்மா குடும்பத்தை நடைபாதையில் நிறுத்திவைத்துக் கேட்டார். "எந்தக் கிருமின்னு இன்னும் புடிபடல. டெஸ்ட் ரிசல்ட் வர நேரமாகும். யோசிச்சுச் சொல்லுங்க. அவ பக்கத்துல பழசா, ஈரமா, பூஞ்சை புடிச்ச மாதிரி ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்," என்றாள் தங்கை. "ஹெலிகாப்டர் புதுசு. கரடியும் புதுசு. எங்கண்ணன் கடைச் சாமான்." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். சந்தேகத்தில் பார்க்கவில்லை, ஆதரவுக்குப் பார்த்தாள்.

பக்கத்தில் பெரியப்பா நின்றிருந்தார். "கரடி நல்ல பெரிய கரடி," என்றார், தன் ஹெலிகாப்டரை அது தோற்கடித்துவிட்ட வருத்தத்தோடு.

முக்காலுக்கு வாய் திறந்தது. சொன்னால் தங்கை இந்த ஜென்மத்தில் முகத்தில் விழிக்கமாட்டாள். பெரியப்பா சொந்தக்காரர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நாளைக்குக் கடைத்தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால்? டெஸ்ட்தான் வரப்போகிறதே, அதிலேயே தெரிந்துவிடாதா? கரடியால்தான் என்று யார் கண்டது? இப்படிப் பேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா திரும்பி நடந்துவிட்டார். அவர் செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைகிறவரை முக்கால் வாயைத் திறந்தபடியே நின்றார்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனார். கரடி உட்கார்ந்திருந்த இடத்தில், சுவரில், கரடியின் முதுகு அளவுக்கு ஒரு கறுப்புப் படை. விரலை வைத்தார், மெத்தென்று மாவு மாதிரி ஒட்டியது. பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்திருந்த முயல் பொம்மையின் புதுக் கவரைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனார். முதலில் பவுடர் வாசனை. அதன் அடியில், பூட்டிவைத்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற வாடை. இரண்டு முறை இருமினார். இருமியது அவர்; காதில் விழுந்தது முதலாளியின் இருமல்.

பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஓடிவந்தாள். முயலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கேள்வி கேட்கத் தேவைப்படவில்லை.

"அய்யய்யோ... அதையா குடுத்தீங்க?"

"டாக்டர் நேத்தே கேட்டாங்க. நான் மூச்சு விடல."

அவள் கெஞ்சுகிற குரலில், "கம்பெனியிலேருந்தே அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லிருங்களேன். விஷயமும் போய்ச் சேர்ந்துரும், பழியும் நம்ம தலையில விழாது," என்றாள்.

நல்ல யோசனைதான். முக்கால்வாசி உண்மை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரை அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இறங்கும்போது டிரைவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். டிரைவர் அந்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முக்கால் பேரம் பேசாமல் கொடுக்கிறார் என்றால் நோட்டில் ஏதோ இருக்க வேண்டும்.

"டாக்டரம்மா, அந்தக் கரடி... கம்பெனியிலேருந்து வரும்போதே கொஞ்சம் ஈரமா வந்திருக்கும் போல..."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "எப்ப வந்துச்சு? எங்க வச்சிருந்தீங்க? பூஞ்சை வெளியில இருந்துச்சா, உள்ள பஞ்சுலயா? என்ன நிறம்?"

கம்பெனிமேல் போட்ட பழிக்கு நிறம் ஏது?

"பாருங்க, பாதி சொன்னா பாதி வைத்தியம்தான் பண்ண முடியும். நான் போலீஸ் இல்ல. உள்ள ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறுது."

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியின் நெஞ்சு சின்னப் பறவையுடையதைப் போலத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகு அவருக்கு முக்காலில் உட்கார முடியவில்லை. முழுசாகக் கொட்டினார். திரும்பிவந்த சாமான், அழும் சுவர், கரும்புள்ளி, ஈரத்துணி, பவுடர், சீல் மிஷின், சிஸ்டரிடம் அடித்த பேரம், போனில் சொன்ன 'புதுசுதாம்மா', நேற்று சொல்லாமல் விட்டது. கொட்டிவிட்டுத் திரும்பினால் தங்கை நின்றிருந்தாள்.

டாக்டரம்மா அதற்குள் எழுந்து நடந்துகொண்டே சிஸ்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். "கரடியாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம இப்பவே பூஞ்சைக்கு மருந்து ஆரம்பிக்கறேன். நேத்து சொல்லியிருந்தா நேத்தே ஆரம்பிச்சிருப்பேன்."

தங்கை கத்தவில்லை. அடிக்கவில்லை. அண்ணன் அருகே வந்து, கடையில் சாமான் விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவு மிச்சம்ணா?"

வாழ்க்கையில் எந்தக் கணக்குக்கும் திணறாத மனிதர் அந்தக் கணக்கில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் அவர் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே கிடந்தார். தங்கை அவரைத் தாண்டிப் போவாள், வருவாள், பேசமாட்டாள். லாரிக்கார மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டு, ஓங்கிய கையைச் சுவரில் அடித்துக்கொண்டு, அப்படியே அழுதார். அந்தக் கை தன் கன்னத்தில் விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று முக்கால் நினைத்தார். கண்ணாடிக்கு உள்ளே மிஷின் 'கீ' என்று கத்தும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். சத்தம் நின்றதும் தனித்தனியாக உட்காருவார்கள்.

ரிசல்ட் பூஞ்சை என்றே வந்தது. காய்ச்சல் சட்டென்று இறங்கவில்லை. ஒரு படி இறங்கும், அரைப்படி ஏறும். பேரம் பேசுகிறது என்று அவருக்குப் புரிந்தது. எதிராளி இத்தனை கறாராக இருந்து அவர் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு காலை, நெற்றி வியர்த்து அவள் தண்ணீர் கேட்டாள். "இன்னும் ஆபத்தைத் தாண்டல. ஆனா மருந்துக்குக் கேக்குது," என்றார் டாக்டரம்மா.

முக்கால் அப்போதுதான் வாய் திறந்தார். "டாக்டரம்மா, அவளுக்கு என்ன வாங்கித் தரலாம்?" கரடிக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மருந்து நெடியடிக்கிற நடைபாதையில் வந்து சேர்ந்தது.

"அவகிட்டயே கேளுங்க. அப்புறம் எங்ககிட்ட கேளுங்க."

அவள் கேட்டது விளையாட்டுக் கல்லாப்பெட்டி. பிளாஸ்டிக், கழுவலாம், துடைக்கலாம். அவர் கடையிலேயே அது அடுக்கி வைத்திருந்தது. அதில் எது புதுசு, எது மறுபிறவி என்று அவருக்கே தெரியவில்லை. எதிர்க் கடைக்குப் போனார். கம்பெனிப் பெட்டியைத் தன் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, சொன்ன விலையை அப்படியே எடுத்துவைத்தார். எதிர்க் கடைக்காரர் பயந்துபோய் நாற்காலியை இழுத்துப்போட்டு, "முதல்ல உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க. உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றார்.

திரும்பி வந்தால், வார்டு வாசலில் பெரியப்பா. கையில் அண்டா அளவுக்குப் பூங்கொத்து. சிஸ்டரிடம், "பூதானேம்மா, ஓரமா வச்சுட்டுப் போயிடறேன்," என்று பேரம் ஓடிக்கொண்டிருந்தது. முக்காலுக்குத் தன்னையே எதிரில் பார்த்த மாதிரி இருந்தது.

"மச்சான், நில்லுங்க."

"நீ யாருய்யா என்னை நிறுத்தறதுக்கு? பொய்க் கரடி வித்தவன்தானே நீ?"

"ஆமா மச்சான், அந்தக் கரடிக்காரன்தான் சொல்றேன். ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளைக்குச் சாமான் எடுக்கும்போது நம்ம பெருமையை அளந்து எடுக்கக் கூடாது. அதுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு முதல்ல கேக்கணும். அவங்க வேணாம்னு சொன்னா வேணாம்தான். அதுல பேரம் கிடையாது. பழசைப் புதுசுன்னு சொல்லி நான் குடுத்தது பரிசு இல்ல மச்சான், சீக்கு. இதே பொய்யை வாங்கிட்டுப் போன பிள்ளைங்க இன்னும் எத்தனையோ, எனக்குத் தெரியாது. பின்கட்டுச் சாமான் மொத்தத்தையும் கொளுத்தச் சொல்லிட்டேன். நீங்க பூவைக் கொண்டுபோயிருங்க."

பெரியப்பா பூவைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பேசாமல் வெளியே போனார். பிறகு கை கழுவிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிவந்து பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார்.

சிஸ்டர் கல்லாப்பெட்டியைத் துடைத்து உள்ளே எடுத்துப் போனார். முக்கால் கண்ணாடிக்கு வெளியே நின்றார். பேசுவதற்கு ஒரு போன் இருந்தது. தங்கை அதை எடுத்து, அவர் முகத்தைப் பார்க்காவிட்டாலும், அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கடைக்காரரே, கரடி எங்க?" குரல் நூல் மாதிரி இருந்தது.

"அது பழசு முதலாளி. புதுசுன்னு சொல்லி உங்களை ஏமாத்திட்டேன். அதனாலதான் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு."

"அப்ப என் காசைத் திருப்பிக் குடு."

"எந்தக் காசு?"

"முத்தம் குடுத்தேன்ல?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. நடுவில் கண்ணாடி. "உள்ள விடமாட்டாங்களே முதலாளி. நீங்க வெளிய வந்ததும் குடுத்துடறேன்."

"ஏமாத்தமாட்டியே? முக்கால் முத்தமெல்லாம் வாங்கமாட்டேன்."

"முழுசு. வட்டியோட."

அவள் ஒரு விரலால் கல்லாப்பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். 'டிங்' என்று இழுப்பறை திறந்தது. உள்ளே பார்த்தாள், மூடினாள். கண்ணாடிக்கு வெளியே, பக்கத்தில் நின்ற தங்கையின் கை அவர் தோளைத் தொட்டதோ, தடுமாறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டதோ, அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆயுசில் முதல் தடவையாக, கடன் கொடுத்த ஆள் நூறு வயது இருந்து வசூல் பண்ண வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார்.

முதலாளி கணக்குச் சொன்னாள்.

"கரடி, வாபஸ். கல்லாப்பெட்டி, வரவு. முத்தம் ஒண்ணு, மாமா பாக்கி."